ஏன் என்று கேட்கும் தெம்பு

புரோகிராம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்களில் பலர், எந்த வேலையை ஒரு காலத்தில் ஊண் உறக்கம் மறந்து செய்தார்களோ, அதே வேலையின் முன் வந்து உட்காரவே மனம் கூசும் ஒரு நிலையை என்றேனும் ஒருநாள் அடைகிறார்கள். உடம்பில் நோய் இல்லை, சம்பளத்தில் குறைவில்லை, புத்தியும் மழுங்கிவிடவில்லை, ஆயினும் கம்ப்யூட்டரைத் திறந்து நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டுமே என்று எண்ணும்போதே நெஞ்சு கனத்துப்போகிறது. மூட்டை சுமந்து பிழைக்கிறவர்கள் இதைக் கேட்டால், நிழலில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகத்தில் அப்படி என்ன களைப்பு என்று வியப்பார்கள். அவர்கள் வியப்பில் நியாயமும் உண்டு. எனினும், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் அந்தக் களைப்பை நான் நன்கறிவேன். அதில் நெடுநாள் கிடந்தும் இருக்கிறேன்.

இத்தொழிலின் இன்பம் எத்தகையது என்று அறியாதவர்களுக்கு இந்த இழப்பின் அளவு புலப்படாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ். 360 என்னும் பெரும் மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் புரூக்ஸ், அந்த அனுபவத்தைக் கொண்டு 1975-இல் வெளியிட்ட ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ என்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே இக்கலையின் இன்பங்களையும் துன்பங்களையும் வகைப்படுத்தியிருக்கிறார். கல், மரம், உலோகம் என்று எந்தப் பொருளின் தயவுமின்றி, ஏறக்குறைய எண்ணத்தையே மூலப்பொருளாகக் கொண்டு ஒன்றைச் சிருஷ்டித்து, அது கண்முன்னே இயங்குவதையும் பிறருக்குப் பயன்படுவதையும் பார்ப்பதென்பது எல்லாருக்கும் வாய்க்கிற பாக்கியம் அன்று. துன்பங்களோ நேற்று முளைத்தவை அல்ல. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், 1949-ஆம் ஆண்டிலேயே, கணினி அறைக்கும் நாடாவில் துளையிடும் கருவிக்கும் இடையே படியேறி இறங்குகையில், தம் எஞ்சிய ஆயுளில் ஒரு நல்ல பகுதி தம் சொந்தப் புரோகிராம்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதை உணர்ந்ததாக நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். உணர்ந்த பின்னும் அவர் அத்துறையை விட்டுப் போகவில்லை. ஆகவே, பிழைகளின் பெருக்கமோ வேலையின் கடுமையோ தாமாகவே உற்சாகத்தைக் கொன்றுவிடுவதாக நான் நினைக்கவில்லை. கடுமை பல சமயங்களில் அதற்கு ஆகாரமாகவே அமைகிறது.

இந்தச் சோர்வுக்கு மனநூலார் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்கள் நாளடைவில் வற்றிப்போவதைக் கண்ட ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974-இல் அதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் அதற்கு ஓர் அளவுகோலை அமைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல், இதை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாது நீடிக்கும் பணியிட நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்தது. மாஸ்லாக் கூறும் கூறுகள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் கசந்து விலகுதல், நாம் செய்வதால் ஒன்றும் ஆவதில்லை என்ற எண்ணம். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் உள்ளதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்; அது திறமையின் வேஷத்தில் வருகிறது.

எப்படி வருகிறதென்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பணம் செலுத்துவதற்கான ஒரு சர்வீஸ் சில நாட்களுக்கு ஒருமுறை நள்ளிரவில் பதில் சொல்லாமல் நின்றுவிடும். அன்று ஆன்-கால் முறை யாருடையதோ அவருடைய போன் அலறும், அவர் எழுந்து லேப்டாப்பைத் திறந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார், எல்லாம் சரியாகிவிடும், கோளாறைப் பதிந்த டிக்கெட்டை மூடிவிட்டுப் படுத்துவிடுவார். என் முறையில் முதன்முதலாக அவ்வாறு நேர்ந்தபோது, எதனால் நின்றது என்று தெரியாமல் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. சர்வீஸ் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக்கை விடியும்வரை புரட்டிக்கொண்டிருந்தேன். சில மாதங்களுக்குப் பின், ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டதே என்ற நிம்மதி மட்டும் வந்தது. அதற்கும் பின், நிம்மதிகூட வரவில்லை; அரைத்தூக்கத்தில் விரல்கள் தாமே அந்தக் கட்டளையைத் தட்டின. டிக்கெட்டுகள் விரைவாக மூடப்பட்டதில் மேலதிகாரிகளுக்குத் திருப்தி. காலை ஸ்டாண்ட்-அப் கூட்டங்களில் என் பெயர் நல்ல விதமாகவே அடிபட்டது. பார்ப்பவர்களுக்குக் கைதேர்ந்தவனாகத் தோன்றிய அந்த நாட்களில்தான் என் உற்சாகம் அடியோடு வறண்டு கிடந்தது. ஏன் என்று கேட்பதற்கு ஒரு தெம்பு வேண்டும். பிழை மறைந்தால் போதும், அது எதனால் வந்தது, எதனால் போயிற்று என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று மனம் அமைந்துவிடுமானால், அந்தத் தெம்பு போய்விட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இதற்குச் சொல்லப்படும் பரிகாரங்கள் பல. லீவு எடு என்பார்கள். கம்பெனியை மாற்று என்பார்கள். பைத்தான் மொழியை விட்டு ரஸ்ட் மொழியைக் கற்றுக்கொள் என்பார்கள். லீவை நான் குறைத்துப் பேசமாட்டேன். அமெரிக்காவின் பகலுக்காக இரவில் விழித்திருந்து, நம் பகலிலும் உழைக்கிறவனுக்கு முதலில் வேண்டியது உறக்கந்தான். உறங்கி எழுந்தும் துயரம் விடாமல் பற்றிக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் போவதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. ஆனால் லீவு முடிந்து திரும்பிய முதல் நாளிலேயே பழைய கனம் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பலர் கண்டிருப்பார்கள், நானும் கண்டேன். ஜான் ஸ்டூவர்ட் மில், இருபதே வயதில், 1826-இல், தாம் விரும்பிய சீர்திருத்தங்களெல்லாம் இந்தக் கணமே கைகூடினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே கேட்டு, உண்டாகாது என்ற பதிலைத் தம்முள்ளிருந்தே பெற்று நிலைகுலைந்துபோனதைச் சுயசரிதையில் விவரிக்கிறார். எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கமே தம் உணர்ச்சிகளை அரித்துவிட்டதாக அவர் கருதினார். பகுத்துப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்ட எங்களுக்கும் அது பொருந்தும் என்று தோன்றலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெரியவரோடு நான் மாறுபடுகிறேன். பகுத்தறியும் முயற்சி மிகுந்ததால் எங்கள் மனம் காய்வதில்லை. அது நாள்தோறும் பாதியிலேயே நிறுத்தப்படுவதால் காய்கிறது.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இதன் தொடர்பில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சம்பந்தமான சோதனைகளில் ஈடுபட்டிருந்தபோது, தம் லினக்ஸ் கணினியில் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை வினாடி! கண் இமைத்துத் திறக்கும் நேரத்தைவிடச் சற்றே அதிகம். இயந்திரம் இன்று மந்தமாக இருக்கிறது என்று விட்டுவிட எவருக்கும் உரிமை உண்டு. அவர் விடவில்லை, அந்த இழையைப் பற்றிக்கொண்டே போய், ‘எக்ஸ்-இசட்’ என்னும், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் புதிய பதிப்புகளில், லினக்ஸ் சர்வர்களுக்குள் அயலார் நுழையத்தக்க கள்ளவழி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, 29-ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களை அப்பதிப்புகள் சென்றடையுமுன் ஆபத்து தடுக்கப்பட்டது.

இதன் மறுபாதி இன்னும் சிந்திக்கத்தக்கது. அந்த மென்பொருளை ஊதியமின்றிப் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியொருவராகப் பேணி வந்தவர், தம்மால் முன்போல் அதில் ஈடுபட முடியவில்லை, மனநலம் தளர்ந்திருக்கிறது, இது சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் அன்று என்று 2022-லேயே வெளிப்படையாகச் சொன்னார். புதிய பதிப்பு ஏன் வரவில்லை என்று அப்போதும் அவரை நெருக்கியவர்கள் இருந்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்து, நெடுநாள் ஒழுங்காக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்ட ஒருவரே கடைசியில் கள்ளவழியை வைத்தவர். ஒருவருடைய சோர்வு அவருடைய சொந்தக் காரியம் என்று எண்ணி, அவர் உழைப்பின் பலனை மட்டும் அனுபவித்துக்கொண்டிருந்த உலகம், அந்தச் சோர்வு தன் வாசற்கதவையே திறந்துவிடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, சோர்ந்தவனைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். இரவில் எழுப்பப்பட்டவனுக்கு மறுநாள் காலையில் ஓய்வு வேண்டும். ஸ்பிரின்ட் என்னும் வேலைத் தவணை ஒவ்வொன்றிலும் இத்தனை டிக்கெட்டை மூடவேண்டும் என்று கணக்கிடுகிற நிர்வாகம், மூடிய டிக்கெட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கும் பொழுது ஒதுக்கவேண்டும். தேடியும் கிடைக்காமற்போனால் அந்தப் பொழுதை வீண் என்று எழுதிவிடவும் கூடாது. இவற்றைச் சலுகையாகக் கேட்கவேண்டியதில்லை. வேலையின் ஒரு பகுதியாகவே கேட்கலாம். நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சில இடங்களில் கிடைக்கிறது.

அப்படிக் கேட்கும் திராணி எனக்குத் திரும்பியது எங்கள் ஊர்ப் படிப்பகத்தில். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில், அதைவிடப் பழைய ஒரு சிறு புரோகிராமில், புத்தகங்களின் பெயர்களையெல்லாம் பொறுமையாகத் தட்டச்சுச் செய்துவைத்திருந்தார். பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். “தம்பி, ‘மலரும் மாலையும்’ இங்க கிடக்கு, ‘மனோன்மணீயம்’ அதுக்கு மேல போய் உட்கார்ந்திருக்கு. ‘அலை ஓசை’க்கு முன்னால ‘அறநெறிச்சாரம்’ வருது. இதுக்கு அகர வரிசையே தெரியாதா?” என்றார்.

காரணம் இன்னதென்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்ற உணர்ச்சி, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சுமையாக வராமல் ஆவலாக வந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அதிலேயே கழிந்தது. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிவது நம் நெடுங்கணக்கு. கம்ப்யூட்டரோ ஒவ்வோர் எழுத்துக்கும் இடப்பட்ட எண்ணை மட்டுமே அறியும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு எண் வழங்கியபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக முன்பே அமைந்திருந்த இஸ்கி என்னும் முறையின் அடுக்கைத் தழுவிக்கொண்டது. தேவநாகரியை ஒட்டிய அந்த அடுக்கில் ன, ற, ழ என்ற மூன்றும் முறையே ந, ர, ள என்பவற்றின் பக்கத்தில் இடம்பெற்றிருந்தன. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், கடைசியில் நிற்கவேண்டிய ‘ன’ ‘ப’வையே முந்திவிடும், ‘ற’ ‘ல’வைத் தாண்டிவிடும். புள்ளியின் எண் எல்லா எழுத்துக்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னே இருப்பதால், அகராதியில் முன்னே வரவேண்டிய ‘பக்தி’ ‘பகலு’க்குப் பின்னே தள்ளப்படும்.

ஒவ்வொரு பெயரையும் மெய்யும் உயிருமாகப் பிரித்து, நெடுங்கணக்கின்படி எண்ணிட்டு, அவ்வெண்களை ஒப்பிட்டு அடுக்கும் ஒரு புரோகிராமை இரவுக்குள் எழுதி முடித்தேன். இக்காரியத்தைச் செய்யும் ஆயத்த மென்பொருள்கள் உலகில் உண்டு; அவற்றைக் கொண்டு சில நிமிஷங்களில் முடித்திருக்கலாம். முடிக்க வேண்டும் என்ற அவசரம் அன்று எனக்கு இல்லை. அடிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, பார்த்தேன், ஆசிரியர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்து, “இப்ப சரி” என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும், நள்ளிரவில் நின்றுபோகும் அந்தச் சர்வீஸின் லாக்கை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தேன். டேட்டாபேஸுக்குச் செல்லும் இணைப்பு, டைம்-அவுட் ஆகிற ஒரே ஒரு பாதையில் மட்டும், எடுத்த இடத்துக்குத் திருப்பித் தரப்படாமல் கசிந்துகொண்டிருந்தது; நாட்கணக்கில் கசிந்து, கையிருப்பு முழுதும் தீர்ந்ததும் சர்வீஸ் நின்றது. ரீஸ்டார்ட் செய்தால் கையிருப்பு மீண்டும் நிரம்பும். சரியாகிவிட்டது போலத் தோன்றியதற்கு அதுவே காரணம். திருத்தம் மிகச் சிறியது. அதன் பிறகும் அலுப்பான நாட்கள் வராமல் இல்லை. அந்நாட்களில் ஒரே ஒரு கேள்வியையாவது கடைசிவரை துரத்திப் பார்த்துவிட்டே எழுந்திருக்கிறேன்.

ஆசிரியர் இதற்குள் அடுத்த வழக்கைத் தொடங்கிவிட்டார். நூலாசிரியர் பட்டியலில் ஜானகிராமனையும் ஜெயகாந்தனையும் ‘ன’வுக்கும் பின்னால், கிரந்த எழுத்துக்களோடு வைப்பதே முறை என்பது அவர் கட்சி, படிக்க வருகிற பிள்ளைகள் ‘ச’ வரிசையை ஒட்டியே தேடுகிறார்கள் என்பது என் கட்சி. வருகிறவர்கள் எந்த இடத்தில் தேடுகிறார்கள் என்பதை ஒரு மாதம் நோட்டில் குறித்துவைத்துப் பார்ப்பதென்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.