மூப்பும் புள்ளியின் சான்றும்

மூப்பென்பது யாது? ஆண்டுகளின் தொகையே மூப்பென்பாரும், உடம்பின் தளர்ச்சியே மூப்பென்பாரும் என இருதிறத்தார் உளர். எழுபதிலும் ஊன்றுகோலின்றி மலையேறுவார் ஒருவர். ஐம்பதிலேயே திண்ணையை விட்டெழ மாட்டாதார் ஒருவர். ஆதலின் ஆண்டுத் தொகை ஒன்றே அமையாது. உடம்பின் மூப்பை அளக்க உயிர்நூலார் அண்மையிற் கண்டதோர் அளவையுண்டு. அதனால் நாட்டப்படுவது எது, நாட்டப்படாதது எது என்று ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

நம் உடம்பின் உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை சுருண்டு கிடக்கின்றது. நால்வகை வேதிப்பொருள்கள் அதன்கண் நான்கெழுத்துக்களாய் நிற்கின்றன. கண்ணின் அணுவிற்கும் ஈரலின் அணுவிற்கும் எழுத்து ஒன்றே. எனின், ஒன்று கண்ணாயும் மற்றொன்று ஈரலாயும் நிற்றற்குக் காரணம் என்னை? எழுத்து ஒன்றாயினும் படிக்கப்படும் பகுதி வேறாதலே காரணம். அவ்வேறுபாட்டிற்குத் துணையாவனவற்றுள் ஒன்று மெத்தில் ஏற்றம். சைட்டோசின் என்னும் எழுத்தை அடுத்துக் குவானின் வருமிடங்களில், அச்சைட்டோசினின்மேல் மெத்தில் என்னும் சிறு கூறு ஏறியமரும். நம் ககரத்தின்மேற் புள்ளி ஏறியவழி உயிரோசை அடங்கி மெய்யாய் நிற்றல்போல, மரபணுவின் தொடக்கத்தில் இக்கூறு செறிந்தவழி அம்மரபணு பெரும்பாலும் அடங்கி நிற்கும். ஆதலின் இதனைப் புள்ளியென்றே வழங்குவாம்.

உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் இழையொடு புள்ளியும் படியெடுக்கப்படும் என்பதனை, 1975-ஆம் ஆண்டில் ஹாலிடே, பியூ என்னும் இருவரும், அவரின் வேறாக ரிக்ஸ் என்பாரும் கருதியுரைத்தனர். பழைய இழையை நோக்கிப் புதிய இழையிற் புள்ளியிட்டுச் செல்வது டி.என்.எம்.டி.1 என்னும் நொதி. ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் புள்ளி இராது. அவற்றை இளமையிற் காகிதத்திற் பெயர்த்தெழுதிய யாம், எழுத்தெல்லாம் செவ்வனே அமைந்திருந்தும், வேண்டிய புள்ளியை விட்டும் வேண்டாத புள்ளியை இட்டும் ஆசிரியரிடம் வசை பெற்றதுண்டு. அந்நொதிக்கும் அஃதே நேர்கின்றது. ஆண்டு ஏற ஏற, புள்ளி செறிந்திருந்த இடங்கள் பலவற்றிற் புள்ளி தேய்கின்றது. இளமையிற் புள்ளியின்றிக் கிடந்த இடங்கள் சிலவற்றிற் புள்ளி ஏறுகின்றது. ஒரு கருவிற் பிறந்த இரட்டையரை ஸ்பெயின் நாட்டில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டவர், இளமையில் இருவர் புள்ளியும் ஒத்திருத்தலையும், முதுமையிற் பெரிதும் வேறுபட்டிருத்தலையும் காட்டினர்.

எனினும் இம்மாற்றம் முழுதும் நெறியற்றதன்று. 2013-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஹோர்வாத் என்பார் 353 இடங்களின் புள்ளி நிலையைக் கொண்டு வயதைக் கணித்தார். குருதியாயினும் ஈரலாயினும் மூளையாயினும் அக்கணக்கு ஒருவாறு பொருந்தியது. சோதித்தவற்றிற் பாதியளவிற்குப் பிழை 3.6 ஆண்டினுட்பட்டது. வியத்தகு செயலே.

இனி, இஃது எவ்வகை அளவை? புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் போலும் காரிய ஏதுவால் வந்த அனுமானமே இது என்பது எம் கருத்து. புகை நெருப்பை ஆக்குவதன்று. புள்ளிமாற்றமே மூப்பை ஆக்குகின்றது என்பாரும் உளர். 2006-இல் யாமனாக்கா கண்ட முறையால் முதிர்ந்த அணுவைக் கருநிலைக்கு மீட்டவழி, மேற்கூறிய கணக்கு ஏறத்தாழ வயது சூனியம் எனக் காட்டுதலை அவர் சான்றாகக் கொள்வர். அற்றன்று, அங்குப் புள்ளி மட்டுமோ மாறிற்று? அணுவின் இயல்பனைத்துமே மாறிற்று. பல உடன்மாறிய இடத்து ஒன்றனையே பிரித்துக் காரணமெனல் யாங்ஙனம்?

இதனினும் பெரியதொரு வழு உண்டு. புள்ளிக் கணக்கில் மூப்பு மிகுந்தானைக் கண்டால், அவன் ஒழுக்கங்கெட்டு வாழ்ந்தான் என்று துணிதல். இத்துணிவிற்கு இடமில்லாமலில்லை. புகையிலை புகைப்பார் குருதியில் ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவிற் புள்ளி குறைதல் நன்கு நிலைநாட்டப்பட்டது; விட்டவர்க்கு அஃது ஆண்டுகள் சென்றபின் பெரிதும் மீளும். செய்தவன் மேலன்றோ அடையாளம் என்பர். ஆயின் நார்வே நாட்டில் தொப்புள்கொடிக் குருதியை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டவர், கருவுற்ற காலத்துப் புகைத்த தாயரின் குழவிகளிடத்தும் அம்மரபணுவிலேயே அம்மாற்றத்தைக் கண்டனர். குழவி புகைத்ததோ?

பிறிதொன்றுங் கேண்மின். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியர் உணவு வரவைத் தடுத்தமையால் நெதர்லாந்தின் மேற்பகுதி 1945 வரை பஞ்சத்தால் வாடிற்று. அக்காலத்துக் கருவுற்றாரை ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டவர், ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், பஞ்சத்துட்படாத உடன்பிறந்தாரினும் இவர்க்குப் புள்ளி குறைந்திருந்தமை கண்டனர். தடுத்தவன் ஒருவன், பசித்தவள் ஒருத்தி, புள்ளி சுமந்தவன் மற்றொருவன். ஆதலிற் புள்ளி ஒன்று நேர்ந்தமையை உணர்த்தும். நேர்வித்தவன் இவனென உணர்த்தாது. எம்மவருள்ளும் இதனையே வினையெழுத்தென்று கொண்டாட விரைவார் உளராகலின் இதனை வற்புறுத்துகின்றாம். உடம்பின்மேல் ஏறிய சடப்பொருள் ஒன்றனை அவ்வாறு கொள்ளின், அது தேயுங்கால் வினையுந் தேய்ந்ததென்று கொள்ள நேரும்.

காப்புறுதி செய்வார் நாளை இப்புள்ளியை எண்ணித் தவணை வகுக்கப் புகுவராயின், புகைத்தவனுக்கு விதிக்கும் தொகையை அந்நார்வே நாட்டுக் குழவிக்கும் விதிப்பரோ? கருவியோ இருவரிடத்தும் ஒன்றனையே காட்டும்.