கொடையும் சரக்கும்

நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் வாழ்ந்த குமணனைத் தேடிச் சென்று பரிசில் வேண்டினார் பெருந்தலைச் சாத்தனார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத அவ்வள்ளல், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணி, வாளைப் புலவர் கையில் கொடுத்தான். புலவரோ தலையைக் கொள்ளாது வாளோடு தம்பியிடம் சென்றார். உடலையும் ஈயத் துணிந்த கொடைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியைப் போற்றுகிறோம். இதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அத்தலை தம்பிக்கு விலைப்பொருளாக இருந்தது, அண்ணனுக்கோ கொடைப்பொருளாயிற்று.

இவ்வேறுபாடு இன்று விமான நிலையங்களில் புதிய வடிவில் நம் முன் நிற்கிறது. 1967 டிசம்பரில் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு முதன்முதலாக ஒருவர் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தனர். 1994 ஆகஸ்டு 3 அன்று தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார். இன்றோ கொடுப்பவர் ஓர் ஊரிலும் பெறுபவர் வேறோர் ஊரிலும் இருக்கலாம். இடைப்பட்ட தொலைவை விமானம் கடக்கிறது.

அதற்குள்ள காலம் மிகக் குறுகியது. உடலிலிருந்து எடுத்த இதயமும் நுரையீரலும் குளிர்நிலையில் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரமே தாங்கும். கல்லீரல் 12 மணி நேரம் வரையிலும், சிறுநீரகம் ஒரு நாளும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். பாதுகாப்புக் கரைசலில் இட்ட உறுப்பைத் தூய்மை செய்த பைகளில் ஒன்றனுள் ஒன்றாக அடக்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பர். பனிக்கட்டி உறுப்பை நேரே தொடலாகாது. உறைந்தால் திசு அழிந்துவிடும். குருதியிலும் ஒவ்வொரு கூறுக்கும் ஒவ்வொரு முறை உண்டு. சிவப்பணுக்களுக்கு 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வேண்டும்; தட்டணுக்களுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும்; பிளாஸ்மா உறைந்த நிலையிலேயே செல்ல வேண்டும். உறைநிலை காக்க உலர் பனிக்கட்டி உதவுகிறது. அது நீராகாமல் கரியமில வாயுவாக மாறுவதால், பெட்டியை இறுக மூடினால் வெடிக்கக்கூடும். வாயு வெளியேற வழிவிட்டு, உலர் பனிக்கட்டியின் எடையைப் பெட்டியின்மேல் குறிக்க வேண்டும் என்பது விமானச் சரக்கு விதி.

எடை, சீட்டு, கையொப்பம், கட்டணம் என்று இவ்வளவுக்கும் உட்படும்போது ஒருவரது இறுதிக் கொடை வெறும் சரக்காகி விடுகிறதே, இது தகுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. வெளியூர் வாழும் நமக்கு இவ்வையம் புதிதன்று. தில்லியிலோ கொல்கத்தாவிலோ மறைந்த உற்றாரின் உடலைச் சொந்த மண்ணுக்கு அனுப்ப விரும்பும் குடும்பத்தார் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவையே நாட வேண்டியிருக்கிறது. அப்பா என்று அழைத்த உடலுக்கு எடை குறித்துச் சீட்டு எழுதும்போது நெஞ்சு குறுகாதவர் யார்?

ஆயினும் ஆழ்ந்து நோக்கினால், அச்சீட்டில் இழிவு ஏதும் இல்லை என்பது புலனாகும். அரசு அலுவலகத்தில் தபால் அனுப்பும் மேசையில் அமர்ந்த என்னைப் போன்ற எழுத்தர்கள் இதனை நன்கு அறிவர். கடிதத்திற்குப் பதிவேட்டில் எண் இடுவது, அது சேர வேண்டிய இடத்தில் சேரும் வரை ஒருவர் பொறுப்பேற்றுக் கொண்டதன் அடையாளமாகும். 2018 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இறக்க வேண்டிய மனித இதயம் ஒன்று விமானத்திலேயே தங்கிவிட்டது. டல்லஸ் நோக்கிப் பறந்த அவ்விமானத்தை நடுவழியில் திருப்பிக் கொண்டுவந்தனர். வால்வுகளுக்காக அனுப்பிய இதயமாதலால் உயிர்க்கேடு நேரவில்லை. கொடுத்தவரின் வள்ளன்மையில் குறையேதும் இல்லாதபோதும், ஒரு பெட்டியை இறக்காமல் விட்டதால் அக்கொடை வழி தவறிற்று.

பண்டைக் கொடையில் ஈவோரும் ஏற்போரும் முகம் பார்த்து நின்றனர். இன்று அவ்விருவருக்கும் இடையே செவிலியர், வண்டியோட்டி, சாலையை ஒழுங்கு செய்யும் காவலர், சுமை தூக்குவோர், விமானி எனப் பலர் நிற்கின்றனர். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நடைமுறை, உறுப்பு ஏற்றிய விமானம் புறப்படவும் இறங்கவும் முன்னுரிமை கேட்கலாம் என்கிறது. இவர்களை எவரும் வள்ளல் என்று பாடப்போவதில்லை. குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்து முடிப்பதே இவர்கள் செய்யும் அறம்.

அங்ஙனமாயின் கொடை எப்போது சரக்காகிறது? விலை நுழையும்போதுதான். சுமந்து சென்றதற்குக் கூலி கேட்கலாம்; சுமந்த உறுப்புக்கு விலை கேட்கலாகாது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வாணிகத்தைக் குற்றமாக்கியது இதனாலேயே. ஆனால் சட்டத்தின் பிடியில் அகப்படாத விலை ஒன்றும் உண்டு. சாலை விபத்தில் மூளைச்சாவடைந்த கூலித் தொழிலாளியின் குடும்பம் கண்ணீரோடு இசைவு தருகிறது. அதே குடும்பத்தில் வேறொருவருக்குச் சிறுநீரகம் கெட்டால், அறுவைக்கும் ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மருந்துக்கும் அவர்கள் எங்கே போவார்கள்? கொடுக்கும் தகுதி எல்லார்க்கும் இருக்க, பெறும் வசதி சிலர்க்கே இருக்குமாயின், கொடுத்தவர் அறியாமலே அவர் கொடை விலைப்பொருளாகிவிடுகிறது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்றுக்கும் உதவுவது நல்ல வழி. அவ்வழி நாடெங்கும் அகலமாக வேண்டும். விமானத்தின் விரைவைப் பாராட்டும் நாம், அப்பெட்டி யாரை நோக்கிச் செல்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பிற மொழியாளரிடையே பிழைப்பையும் நட்பையும் பெற்று வாழ்கிறோம். நம் உறுப்பு எம்மொழியாளர் உடலில் உயிர் தரும் என்பதை நாம் அறியப்போவதில்லை. அறிய வேண்டியதும் இல்லை. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறுதிமொழிச் சீட்டில் கையொப்பம் இட்டிருந்தாலும், நமக்குப்பின் இசைவு தர வேண்டியவர்கள் வீட்டாரே. ஆதலால் நம் விருப்பத்தை இன்றே அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி வைப்போமாக.