கடன் தீர்ந்தது; குற்றம் தீர்ந்ததா?

எடுத்த பணத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால், எடுத்த குற்றம் இல்லாது போகுமா? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இதனை, செசில் பி. டிமில் 1915இல் நெறிப்படுத்திய ‘த சீற்’ என்னும் மௌனப்படம் தன்னை அறியாமலே எழுப்புகின்றது.

பங்குச் சந்தையில் ஈடுபட்ட ரிச்சர்ட் என்பவனின் மனைவி எடித். முதலீடு பயன்தரும்வரை செலவைக் குறைக்குமாறு கணவன் வேண்டுகிறான். ஆடம்பரத்தை விட மனமில்லாத அவளோ, தன் பொறுப்பிலிருந்த செஞ்சிலுவை நிதி 10,000 டொலரை, விரைவில் இரட்டிப்பாகும் என்ற நண்பனொருவனின் பேச்சை நம்பிப் பங்குகளில் இட்டு, முழுவதையும் இழக்கிறாள். செல்வந்தனான தோரி என்னும் யப்பானியன் அத்தொகையைக் கொடுக்க முன்வருகிறான். அதற்கு ஈடு அவளே. இதற்கிடையில் கணவனின் முதலீடு பெரும் இலாபம் தருகிறது. சீட்டாட்டத்தில் தோற்றதாகப் பொய்யுரைத்து அவனிடம் காசோலை பெற்று, தோரியிடம் நீட்டுகிறாள். அவன் அதனை மறுத்து, தன் உடைமைகளிற் பொறிக்கும் முத்திரையை அவள் தோளிற் சூடாக இடுகிறான். அவள் அவனைத் துப்பாக்கியாற் சுட்டுக் காயப்படுத்துகிறாள். பழியைக் கணவன் ஏற்கிறான். அவன் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதும், எடித் உண்மையைக் கூறி, மன்றின் நடுவே தழும்பைக் காட்டுகிறாள். கூட்டம் தோரிமீது பாய்கிறது, தீர்ப்பு நீக்கப்படுகிறது, கணவனும் மனைவியும் வெற்றியுடன் வெளியேறுகின்றனர்.

தோரியின் கொடுமைக்கு நியாயம் எதுவுமில்லை. மனித உடலை ஈடாகக் கொள்ளும் ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும், நம்பி ஒப்படைத்த பொதுப்பணத்தை அவள் கையாடியமை மன்றில் விசாரிக்கப்படவே இல்லை. நிதி நிரம்பிவிட்டது; எனவே கேட்பாரில்லை. இங்கே ஒரு மயக்கம் உளது. ஒரு டொலரின் இடத்தை மற்றொரு டொலர் நிரப்பும். ஒருமுறை மீறப்பட்ட நம்பிக்கையை அவ்வாறு எதுவும் நிரப்புவதில்லை.

கணவனும் சந்தையை நம்பினான், மனைவியும் நம்பினாள். அவன் பணயம் வைத்தது தன் பொருளை. அவள் வைத்தது பிறர் பொருளை. அறத்தின் கண்ணில் வேறுபாடு இதுவேயன்றி, இலாபமும் நட்டமும் அல்ல. அவள் வாங்கிய பங்குகள் உயர்ந்திருப்பின், எவரும் எதனையும் அறிந்திரார்; அப்போதும் செயல் அதுவே. சந்தையின் ஏற்ற இறக்கம் ஒருவரின் நேர்மையை அளக்கும் கோலாகுமாயின், ஒழுக்கம் என்பது அதிர்ஷ்டத்தின் மறுபெயராகிவிடும்.

இவ்வினாவை மறைக்கவே படத்துக்கு ஓர் அந்நியன் தேவைப்பட்டான். அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியர் இப்படத்தைக் கண்டித்தனர். 1918இல் அது மீள வெளியிடப்பட்டபோது, அதே பாத்திரம் பர்மியனாக்கப்பட்டது. பெயரும் நாடும் மாறின. கதையின் போக்கு மாறவில்லை. பழி சுமப்பவன் எவனாயினும் ஆகலாம், நம்மவனாக இல்லாதிருந்தால் போதும் என்பதே இதன் பொருள். அவன்மீது எழுந்த சினத்தில் அவளுடைய முதற் குற்றம் கரைந்துபோயிற்று.

‘வஞ்சிப்பவர்’ எனப் பொருள்படும் இப்படத்தின் தலைப்பு, ஆணையோ பெண்ணையோ சுட்டவில்லை. மன்றிலே ஆரவாரித்தவர்கள் அதற்குரியவரைத் தாம் கண்டுகொண்டதாகவே நம்பினர். செஞ்சிலுவை நிதிக்குப் பணமளித்தவர்களை அங்கே எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.