தட்டின் மேல் தூவும் சீஸ்

இத்தாலியில் வீகனாகச் சாப்பிடுவது கஷ்டம் என்பவர்கள் சுற்றுலாத் தெருக்களைத் தாண்டிப் போகாதவர்கள். தெற்கே பூலியாவில் ஃபாவா பயறை வேகவைத்து மசித்து, பக்கத்தில் கசப்பான சிக்கரிக் கீரை வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். லிகூரியாவின் ஃபாரினாட்டா வெறும் கடலைமாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸ் கிடையாது.

இந்தச் சாப்பாட்டுக்கு அங்கே 'குச்சீனா போவெரா' என்று பெயர். ஏழைகளின் சமையல். இந்தப் பெயர்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. சீஸ் வாங்க வழியில்லாத தெற்கத்தி வீடுகளில் பழைய ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் வறுத்து பாஸ்தா மேல் தூவினார்கள். கன்றுக்குட்டியை நினைத்தா செய்தார்கள்? நான் நினைத்துச் செய்கிறேன். தட்டில் இருப்பது என்னவோ ஒன்றுதான்.

சலெந்தோ பக்கம் ஒரு சின்ன ஊரில், வீட்டிலேயே சாப்பாடு போடும் பாட்டியம்மா ஒருவர் கொண்டைக்கடலை பாஸ்தா வைத்தார். கையில் சீஸும் துருவியும். 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ' என்றேன். சீஸ் இல்லாமல். மகள்தான் மொழிபெயர்த்தாள்: "அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ பண்டிகைக்குத்தான் சீஸ். இப்போ வீட்ல எப்பவும் இருக்கு. ஏன் வேணாங்கறீங்கன்னு கேக்கறாங்க."

கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதானே பண்பு என்று நண்பர்கள் கேட்பார்கள். தனக்காகக் கொல்லப்பட்டதாகப் பார்க்காத, கேட்காத, சந்தேகிக்காத இறைச்சியை பிக்கு ஏற்கலாம் என்று தேரவாத விதியே சொல்கிறது. ஆனால் பிக்கு காசு கொடுப்பதில்லை, இது வேண்டும் என்று கேட்பதுமில்லை. நான் இரண்டையும் செய்கிறேன். சந்தேகிக்காமல் இருக்கவும் வழியில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குப் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான் விதி. நம்ம ஊர் சைவக்காரர்களுக்கே ஆகாத சங்கதி! மென்பொருளில் ஒரு பேக்கேஜை நிறுவினால் அது பின்னால் எதையெல்லாம் இழுத்துவருகிறது என்று பார்ப்போம். அப்படித்தான் இதுவும்.

என் காரணம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் நீட்டியது வெறும் சீஸ் இல்லை. தன் அம்மாவால் கொடுக்க முடியாததை. விலங்குகளின் துன்பத்தை எடைபோட எனக்குக் கணக்கு இருக்கிறது. இதை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

வேண்டாம் என்றே சொன்னேன். பால்பண்ணைகளைப் பற்றிப் பேசவில்லை. அந்த மேசையில் அது அதிகப்பிரசங்கித்தனம். இன்னொரு கரண்டி கேட்டேன், நிஜமாகவே பசி. சீஸை உள்ளே வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியோடு வந்தார். போதும் போதும் என்றாலும் நிறுத்தவில்லை.