யாருடைய முகம் கோணலானது?

பேகம்பூரில் நான் பாடம் நடத்தும் வகுப்பிலே, தோல் பதனிடும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, வயது பதினைந்து. தூரிகை இல்லை, வண்ணக் கிண்ணம் இல்லை. அண்ணனுடைய கைப்பேசியும் தன் ஆள்காட்டி விரலுமே அவளுடைய கருவிகள். சென்ற மாதம் ஒரு படம் காட்டினாள். விண்ணை நோக்கிச் சீறுகிறது விண்கலம். அதன் அடியிலே, மூடி திறந்த சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறான் ஒருவன்! மலம் அள்ளும் இழிவைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் மற்றொரு சட்டம். குழிகளோ இன்னும் மனிதரை விழுங்குகின்றன.

மகிழ்ந்தேனா? அஞ்சினேன், தோழர்களே! "இதை இணையத்தில் போடாதே, அம்மா" என்றேன். கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலே ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதும், அதைக் கேலிச்சித்திரமாக்கி இணையத்தில் வெளியிட்ட ஓவியர் பாலா நவம்பரில் கைது செய்யப்பட்டதும் நினைவில் எழுந்தன. மேடையிலே பகுத்தறிவு முழங்கும் நாவு, ஒரு சிறுமியின் கோட்டுக்கு முன் குழறியது. வெட்கந்தான்.

"பொய்யா வரைந்திருக்கிறேன், சார்?"

பொய்யில்லை. ஆனால் மறுபடி பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. குழியில் இறங்குபவனுக்குப் பிதுங்கிய விழி, தடித்த உதடு, திரைப்படக் கோமாளியின் பல்வரிசை. மேலே நிற்கும் அதிகாரியோ அழகன்! மிகைப்படுத்துவது கேலிச்சித்திரத்தின் இலக்கணம், மறுக்கவில்லை. யாரை மிகைப்படுத்துவது?

அரசியல் சட்டம் தாமதமாகிறதென்று 1949-இல் சங்கர் ஒரு படம் வரைந்தார்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னே சாட்டையுடன் நேரு. பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற அப்படம், 2012-இல் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பியது, நீக்கப்பட்டது. ஓவியனுக்கு உரிமையில்லையா என்றனர் சிலர். தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடி பட்டவர்க்கு, அந்தச் சாட்டை வெறும் கோடாகத் தெரியுமா? படத்தை நீக்கியதை நான் ஏற்கவில்லை; அது ஏன் வலித்தது என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கலாம்.

இதை அவளிடம் சொன்னேன். கைப்பேசி ஓவியத்திலே ஒரு வசதி: அடுக்கடுக்காக வரையலாம், ஓர் அடுக்கை நீக்கினாலும் மற்றவை சிதையா. இட்ட கோட்டை ஒரே தொடுதலில் திரும்பப் பெறலாம். ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போய்விட்ட படத்தை எந்த விரல் திரும்பப் பெறும்?

நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு முகம் இருந்த அடுக்கை மட்டும் நீக்கினாள். குழிக்குள் இறங்குபவனுக்கு அவள் தெருவிலே அன்றாடம் காணும் முகம் வந்தது. நீண்ட மூக்கும் அதை மூடிய கைக்குட்டையும் மேலே நிற்பவருக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றிரவே வெளியிட்டாள். என்னைக் கேட்கவில்லை.