பழுதைச் சொல்லி விற்றால் போதுமா?



பழுதுள்ள சரக்கை விற்கும்போது அந்தப் பழுதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது வியாபாரிக்கு நம் மார்க்கம் இட்ட கட்டளை. விரிசல் கண்ட பானையையோ நைந்த துணியையோ குறையைச் சொல்லி, விலையைத் தணித்துக் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரமே. பானை ஒழுகினால் நஷ்டம் வாங்கியவரோடு நின்றுவிடும். அதை அவர் அறிந்தே ஏற்றுக்கொண்டார்.

எல்லாச் சரக்குக்கும் இந்த அளவுகோல் பொருந்துமா? இன்று பாகான் டத்தோ வாலிபர் கைகளிலும் காணப்படும் 'வேப்' கருவியின் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். ஊதுவது நல்லதா என்பது வேறு கேள்வி.

பாட்டரியைக் கழற்றி மாட்டும் வேப் கருவிகள் பலவற்றில் இருப்பது 18650 எனப்படும் லிதியம் பாட்டரி. தடிமன் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அதன் உலோக உடம்பு முழுவதும் எதிர்முனை. நேர்முனை தலையில் மட்டும். இரண்டையும் பிரித்து வைப்பவை ஒரு சிறு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையுமே. தலைப்பக்கம் உறை கிழிந்ததைச் சில்லறையோடு சட்டைப் பையில் போட்டால், ஒரு காசு போதும், இரு முனைகளும் சேர்ந்து சூடேறிவிடும். கீழே விழுந்து நசுங்கியதிலோ, உள்ளே தகடுகளைப் பிரிக்கும் திரை சேதப்படலாம். அப்போது சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். உள்ளிருக்கும் திரவமும் தீப்பற்றக்கூடியது. இத்தனை பழுதோடும் அது வழக்கம்போல் வேலை செய்து நம்மை ஏமாற்றும்!

2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் 38 வயதுடைய ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்ஸாஸில் 24 வயது வாலிபர் ஒருவரும் வேப் கருவி வெடித்து மாண்டனர்.

"நான் பழுதைச் சொன்னேன், அவர் சம்மதித்தார்" என்று விற்றவர் கூறலாம். சம்மதித்தவர் வாங்கியவர் மட்டுந்தானே? இரவில் அது சார்ஜ் ஏறும் அறையில் உறங்கும் பிள்ளை சம்மதித்ததா? தெலுக் இந்தான் பஸ்ஸில் அடுத்த ஆசனத்தில் இருப்பவர் சம்மதித்தாரா? குப்பை லாரித் தொழிலாளி சம்மதித்தாரா? உதிரி லிதியம் பாட்டரியை விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாதென்று தடுத்திருப்பதும் இதனால்தான். ஒருவர் பெட்டியில் எழும் தீ அவரோடு நிற்பதில்லை.

"பணமில்லாத பையனுக்கு மலிவாகக் கொடுப்பது உதவியல்லவா?" என்பர். விலையைக் குறைப்பது உதவி. ஆபத்தை மலிவாகக் கொடுப்பது உதவியாகாது. நசுங்கியதைப் புது உறைக்குள் மறைத்து விற்பதோ பச்சை மோசடி.

2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதைத் தடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டரியையும் புரட்டிப் பார்க்கும் கண் கடைக்காரருடையதே.

ஆகவே, பிறர் சம்மதமின்றிப் பிறர் மீது விழும் கேட்டை, வாங்குபவரின் சம்மதம் ஹலாலாக்கிவிடாது. நசுங்கிய, வீங்கிய, ஒழுகிய பாட்டரியை எந்த விலைக்கும் விற்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். கல்லாவில் சில வெள்ளி குறையும். அண்டை வீட்டார் நிம்மதியாக உறங்குவர்.