எழிலைப் படைத்தவர் யார்?

மூன்று நாள் ஓய்வுக்காக, இணையராய் நாம் இலங்கையின் நுவரெலியா சென்றிருந்தோம். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம், தவழும் பனி, பச்சைப் பட்டு விரித்தாற்போல் தேயிலை. “ஆண்டவன் படைத்த அழகு!” என்றார், அருகிருந்த பயணி ஒருவர்.

ஆண்டவனா? வெட்டாது விட்டால் தேயிலை மரமாகிவிடும்! அதனை இடுப்பளவில் நிறுத்தியது எது? கவாத்துக் கத்தி, கொழுந்து பறிக்கும் கை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர் மலையெலாம் பரவியது, தமிழகத்தினின்று சென்ற தொழிலாளர் சிந்திய வியர்வையால்.

அவர்கள் பெற்ற பரிசு? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பண்டம்போல் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-இல்!

அங்ஙனமாயின், அழகைச் சுவைப்பதே குற்றமோ? நமக்குள் கேட்டுக்கொண்டோம். அன்று! இன்பத்தைத் துறக்கச் சொல்வது துறவியர் நெறி, பகுத்தறிவாளர் நெறியன்று. படைத்தவரை மறந்து, விண்ணை நோக்கிக் கைகூப்புவதே குற்றம்.

நன்றி மட்டும் போதுமோ? போதாது, தோழர்களே! நாம் தங்கிய விடுதியும் அவர்தம் லயன் அறையும் ஒரே மலையில்தான் உள்ளன. நமக்கு ஓய்வு, அவருக்கு உழைப்பு மட்டுமா? அம்மலையை எழிலாக்கியவரும் தம் இணையரோடு மூன்று நாள் கவலையின்றி அதனைக் கண்டு களிக்கும் நிலை வரவேண்டும். அதுவே நீதி!